பை நிறையக் கயிறு, வாயில் போட ஒன்றுமில்லை: மாம்பாக்கம் புதர்க்காட்டில் ஒரு பகல்

காட்டில் பிழைத்திருக்க என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு மாதம் நாலைந்து பேராவது எழுதுகிறீர்கள். முன்பெல்லாம் உற்சாகமாகப் பதில் போடுவேன். எந்தக் கத்தி, எந்தக் கயிறு, எந்தக் கடையில் மலிவு என்று பத்தி பத்தியாக அளப்பேன். போன தவக்காலத்துக்குப் பிறகு ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. ஏன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு: நான் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பெயிண்ட், பைப், ஆணி, கயிறு. சேவியர் என் பின்தெருவில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். பதினோரு வருடப் பழக்கம். ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை என்று இருவரும் சேர்ந்து நடந்ததையெல்லாம் இங்கேதான் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஒருநாள் நடைகள். சாயங்காலம் ஆனால் எங்காவது ஒரு பரோட்டாக் கடை கண்ணில் பட்டுவிடும். இந்த மே மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐந்து நாள், வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் நடப்பதாக இருந்தது. நாலு வருடமாகப் பேசிப் பேசி ஒருவழியாக இருவர் பெயரையும் கொடுத்திருந்தோம். அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

இடத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மாம்பாக்கம் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே, என் பெரியப்பாவின் நிலம் கிடக்கிறது. ஒரு காலத்தில் கேழ்வரகு போட்டார்களாம். இப்போது மனைபோட்டு விற்க நல்ல விலைக்குக் காத்திருப்பதால் யாரும் கை வைக்கவில்லை. முள்ளும் புதரும் கொடுக்காப்புளி மரங்களுமாக அடர்ந்துவிட்டது. ஒரு கோடியில் சின்னக் கரடு, இன்னொரு கோடியில் ஏரி. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பக்கம் காப்புக்காடுகளும் இருக்கின்றன, அங்கெல்லாம் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். எங்களுடையது சொந்த நிலம். அதனால்தான் துணிந்தோம்.

பொருட்கள் வாங்கியதுதான் பெரிய கூத்து. முப்பது மீட்டர் பாராசூட் கயிறு இணையத்தில் அறுநூறு ரூபாய். தீப்பொறி கிளப்பும் மெக்னீசியக் கம்பி முந்நூற்று எண்பது. குட்டையில் வாய் வைத்து உறிஞ்சினாலும் தண்ணீர் சுத்தமாகி வருமாம், அப்படி ஒரு குழாய் ஆயிரத்து நானூறு. உறையோடு கத்தி ஆயிரத்து நூற்றைம்பது. தார்பாய் மட்டும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பேரம் பேசி நானூற்றுக்கு எடுத்தேன். கடை முழுக்கக் கயிறு தொங்குகிறவன் இணையத்தில் கயிறு வாங்கிய கதை கேட்டு என் மனைவி இரண்டு நாள் சிரித்தாள். அந்தக் கயிறு இருநூற்றைம்பது கிலோ தாங்குமா என்று விற்றவனிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டதாகத்தான் நினைப்பு.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சேவியர் பள்ளிக்கு ஏதோ உள்ளூர் விடுமுறை. காலை ஆறரைக்குக் கடைக்கு வந்தான். அரை ஷட்டரைத் தூக்கிவிட்டு இருவர் பையையும் கொட்டிச் சரிபார்த்தேன். தேவையில்லாத ஒரு கிராம்கூட முதுகில் ஏறக்கூடாது என்பது காணொளிகளில் நான் கற்ற பாடம். அவன் பைக்குள் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. இட்லி, மிளகாய்ப்பொடி. கூடவே ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட். அவன் மனைவி ஸ்டெல்லா கட்டிக் கொடுத்தது.

"என்னடா இது? நாம போறது சர்வைவலுக்கு. பிக்னிக்குக்கு இல்ல" என்றேன்.

"ஸ்டெல்லா வெச்சுட்டா மச்சான். வேணாம்னா எடுத்துடு."

எடுத்துக் கல்லா மேசைமேல் வைத்தேன். கிடைப்பதைத் தின்பது, கிடைக்காவிட்டால் பட்டினி, இதுதான் விதி. அவனும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசாமிக்கு என்ன உறுதி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அவனுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியாதா? நாலு வருடமாக என் கடையில் அவனுக்குச் சர்க்கரை இல்லாத டீதான் வருகிறது. சொல்லி அனுப்புகிறவனே நான்தான். தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. கயிற்றை இன்னொரு முறை எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

என் ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம். கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம், ஜிஎஸ்டி சாலை, வண்டலூரில் இடதுபுறம் திரும்பிக் கேளம்பாக்கம் சாலை. மாம்பாக்கம் வரை சுமார் இருபது கிலோமீட்டர், காலை நேரத்தில் முக்கால் மணி. வண்டி இல்லாதவர்கள் தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ் ஏறலாம், ஆனால் மண்பாதைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். இருநூறுக்குக் குறைந்து வரமாட்டார்கள். மாம்பாக்கத்தில் நான் ஒரு டீ குடித்தேன். விதி காட்டுக்குள்தானே, சாலையில் இல்லையே! சேவியர் வேண்டாம் என்றான். தண்ணீர் மட்டும் குடித்தான். ஊருக்கு உபதேசம் செய்த நான் வடையும் ஒன்று கடித்தேன்.

காலைப்பொழுது நன்றாகத்தான் போனது. தார்பாயை இரண்டு மரங்களுக்கிடையில் கட்டினோம். மெக்னீசியக் கம்பியால் தீ மூட்ட முக்கால் மணி நேரம் ஆனது. மூட்டிய பிறகுதான், அதில் வைத்துச் சமைக்க ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "ரெண்டு ரூபா தீப்பெட்டிக்கு மேல நீ போட்ட காசுக்கு ஒரு வட்டிக் கணக்கு போடட்டுமா?" என்று சேவியர் வாத்தியார் குரலில் கேட்டான். அன்று அவன் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

பிறகு தீனி தேடல். கொடுக்காப்புளிக்கு அது நல்ல பருவம். கொக்கி வைத்த கழியால் பறித்ததில் என் தொப்பி பாதி நிறைந்தது. பாதிக்கு மேல் காய், துவர்ப்பு தொண்டையைப் பிடித்தது. வேலியோரம் கோவைப்பழம் பத்துப் பதினைந்து. இலந்தை முடிந்து, காய்ந்து சுருங்கியவை தரையில் கிடந்தன. ஊதித் தின்றேன். களாக்காய் பூவில் இருந்தது, ஈச்சங்குலை பிஞ்சில் இருந்தது. அவற்றுக்கு இன்னும் இரண்டு மாதமாவது போக வேண்டும். புதரில் சிவப்பாக மினுக்கிய குன்றிமணியைத் தொடவில்லை, அது விஷம். நாலு மணி நேரம் இரண்டு ஆண்கள் வெயிலில் அலைந்து சேர்த்தது, ஒரு குழந்தைக்குக் காலைப் பலகாரம் ஆகாது. காடு அள்ளிக் கொடுக்கும் என்பதெல்லாம் காணொளியில்தான். பருவம் தெரியாமல் போனால் காடு கையை விரித்துவிடும்.

"இந்தா, சாப்பிடு" என்று தொப்பியை நீட்டினேன்.

"நீ சாப்பிடு. எனக்கு அப்புறம்."

இரண்டு தடவை நீட்டினேன், இரண்டு தடவையும் அதே பதில். சரி, துவர்ப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முழுவதையும் நானே தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். தார்பாயின் ஒரு முனை அவிழ்ந்துவிட்டது. நான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சேவியர் கத்தினான். "ஒரு முடிச்சு போடத் தெரியாதா உனக்கு? எத்தனை தடவைடா சொல்றது?" பதினோரு வருடத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எனக்கும் சுருக்கென்று வந்தது. "கத்துறதுன்னா ஸ்கூல்ல போய்க் கத்து" என்றேன். வெயில், பசி, எரிச்சல் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. என்னை நேராகப் பார்த்து, "ஹோம்வொர்க் நோட்டு எங்க?" என்று கேட்டான்.

விளையாடுகிறான் என்று நினைத்து, "வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன் சார்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று புரிந்தது.

போனில் சிக்னல் முழுசாக இருந்தது. பெரிய காடு! நூற்றியெட்டைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டார்: சர்க்கரை வியாதி உண்டா, மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா? முதல் கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரிந்தது. "நினைவு இருக்கா சார்? முழுங்க முடிஞ்சா உடனே சர்க்கரையோ ஜூஸோ குடுங்க. வண்டி வந்துகிட்டிருக்கு" என்றார். சர்க்கரை! என் பையில் தலைகீழாகத் தொங்க முப்பது மீட்டர் கயிறு இருக்கிறது, சேற்றுத் தண்ணீரைச் சுத்தமாக்கும் குழாய் இருக்கிறது. நாக்கில் வைக்க ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. மரத்தடியில் உதிர்ந்துகிடந்த ஒரு கொடுக்காப்புளிச் சுளையை அவன் வாயில் வைத்தேன். மெல்லத் தெரியாமல் வழிய விட்டான்.

அந்த நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து சினிமாப் பாட்டுச் சத்தம் கேட்டது. சேவியரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, முள் கிழிக்கக் கிழிக்க ஓடினேன். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. ஏரிக்கரையில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் தரையில் புரளும் வெள்ளை கவுனில், மாப்பிள்ளை கோட்டு சூட்டில், தலைக்கு மேலே டிரோன். நாங்கள் காலையிலிருந்து உயிர் பிழைக்கப் பயிற்சி எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் கூலிங் பாக்ஸில் குளிர்பானம் இருந்திருக்கிறது.

"இன்னா சார், இன்னா ஆச்சு? பாம்பு கீம்பா?" என்று போட்டோகிராபர் ஓடிவந்தார்.

"ஃப்ரெண்டுக்குச் சுகர் டவுன்... ஸ்வீட்டா ஏதாவது..." எனக்கு மூச்சு வாங்கியது.

மணப்பெண்தான் முதலில் நகர்ந்தாள். மேங்கோ ஜூஸ் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்து, "போங்கண்ணா, நிக்காதீங்க, நாங்க பின்னாடியே வர்றோம்" என்றாள். கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு செருப்போடு முள்ளுக்குள் அவளும் வந்துவிட்டாள். சேவியர் தலையை மடியில் தூக்கி வைத்து, நூற்றியெட்டுப் பெண் போனில் சொல்லச் சொல்ல மடக்கு மடக்காகப் புகட்டினேன். பாதி சட்டையில் போனது, பாதி உள்ளே போனது. அந்தக் கால் மணி நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை. அவன் சாமியையும் கும்பிட்டேன்.

"ஏன்டா இத்தனை பேர் நிக்கிறாங்க?" என்றான் கடைசியில். எனக்கு அழுகை வந்துவிட்டது. மணப்பெண்ணும் அழுதாள். "எப்பா, இன்னா பேஜாரா பூச்சு" என்று போட்டோகிராபர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எங்க வண்டி ஏரியாண்டதான் கீது சார். ஆம்புலன்ஸ் இந்த மண்ணுல உள்ள வர்றதுக்குள்ள நாம மெயின் ரோட்டுக்குப் பூடலாம்." அப்படித்தான் செய்தோம். மாம்பாக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு மாற்றித் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அவர்கள் கல்யாணம் நன்றாக நடந்திருக்க வேண்டும். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

சில மாத்திரைகள் சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இறக்கும், ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பள்ளிப் பரீட்சைத்தாள் கட்டோடு ஸ்டெல்லா ஓடிவந்தாள். அவளும் டீச்சர்தான். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஆறு இட்லி வெச்சேனே அண்ணா. ஒண்ணுகூடவா சாப்பிடல?"

"கடையில இருக்கும்மா" என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பில் கட்டும் இடம் எது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு சேவியர் சொன்னான். "இன்னிக்கு ஒருசந்தி மச்சான்." கத்தோலிக்கர்கள் தவக்கால வெள்ளிகளில் ஒரே வேளை சாப்பிட்டு உபவாசம் இருப்பதற்கு அதுதான் பெயர். சின்ன வயதிலிருந்து ஒரு வெள்ளியும் விட்டதில்லையாம். சர்க்கரை வந்த பிறகு ஸ்டெல்லா தடுத்துவிட்டாள். பங்குச் சாமியாரே நோயாளிக்கு அந்தக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார். நாலு வருடமாக மனசு கேட்கவில்லையாம். நான் சாப்பாடில்லாத பயணம் என்று சொன்னதும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். காலையில் மாத்திரையை மட்டும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறான். "மாத்திரையை விட்டா ஸ்டெல்லாவுக்குச் செஞ்ச துரோகம் இல்லையா?" என்றான். கணக்கு வாத்தியாரின் கணக்கு அன்று இப்படி இருந்திருக்கிறது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"வேற யார்கூடப் போனாலும் சாப்டியா, மாத்திரை போட்டியான்னு கேப்பாங்க. நீ கேக்கமாட்டன்னு தெரியும்." குற்றமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு வசதியைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காட்டுக்கு என்ன எடுத்துப் போவது? கத்தி நூறு ரூபாய்க் கத்தி போதும். தீப்பெட்டி இரண்டு, ஒன்று பாலிதீன் உறைக்குள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தார்பாய், எங்கள் கடையில் கிடைப்பது போன்ற சாதா நைலான் கயிறு, விசில், டார்ச். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். பையின் அடியில் இருந்தால் பிரயோசனமில்லை. முழு நாளுக்குமான சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். காட்டில் கிடைப்பதை ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அதையே சோறாக நம்பாதீர்கள். பெயர் தெரியாத காயை வாயில் வைக்காதீர்கள். எங்கே இருப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆனால் இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால், கூட வருகிறவரை உட்கார வைத்துப் பேசுங்கள். என்ன வியாதி, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, விரதம் ஏதும் உண்டா? சங்கடமாகத்தான் இருக்கும். நாம் நண்பனிடம் இதையெல்லாம் கேட்பது நாகரிகமில்லை என்று நினைக்கிறோம். அந்த நாகரிகம் அன்று ஓர் ஆளைக் கொன்றிருக்கும். நானும் சேவியரும் தப்பித்தது திறமையால் அல்ல, ஒரு மணப்பெண்ணின் தாகத்தால்.

ஈஸ்டர் வந்தது. வருடா வருடம் மதியம் ஒரு மணிக்கு சேவியர் பிரியாணி டப்பாவோடு கடைக்கு வருவான். இந்த வருடம் வரவில்லை. சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்து வீட்டுக்குக் கூப்பிட்டாள். மேசையில் உட்கார வைத்து, பெரிய கறித்துண்டாகப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். சேவியர் எதிரே உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு தேறியிருந்தது.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். "அண்ணா, நீங்க எப்ப வேணா வாங்க, சாப்பிடுங்க. இது உங்க வீடு. இவரை மட்டும் இனிமே எங்கயும் கூப்பிடாதீங்க. மே மாசம் உட்பட."

"சரிம்மா" என்றேன். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நாலு வருடத் திட்டம். அவன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

வழியனுப்ப சேவியர் கேட்வரை வந்தான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அவ மேல கோவப்படாத மச்சான். நான்தான் அவளைச் சொல்லச் சொன்னேன். நீ கூப்பிட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது."

நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.